காரின் அடியில் ஓர் எண்ணெய்க் கறை

காலையில் காரை வெளியே எடுக்கிறீர்கள். அது நின்றிருந்த இடத்தில், சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. நேற்று அது அங்கே இல்லை. விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசை. "கியர்பெட்டி ஒழுகுகிறது, இறக்கிப் பார்க்க வேண்டியதுதான்" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும், பேசாமல் ஓட்டுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டு அறிவுரைகளுமே ஆபத்தானவை. முதல்வர் சொல்வதைக் கேட்டால், சில ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்குப் பல ஆயிரம் செலவழிக்க நேரலாம். இரண்டாமவர் சொல்வதைக் கேட்டால், எண்ணெய் வற்றிக் கியர்கள் நாசமாகலாம். கறை பிரேக் திரவமாக இருந்துவிட்டாலோ, போவது உயிராகவும் இருக்கலாம்.

அப்படியானால் என்ன செய்வது? ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ஒழுகுவது எது? எங்கிருந்து? எப்போது? எவ்வளவு? இவற்றுக்கு விடை காண விலையுயர்ந்த கருவிகள் எவையும் வேண்டியதில்லை. பழைய செய்தித்தாள், வெள்ளைக் காகிதம், ஒரு கிண்ணம் தண்ணீர், கொஞ்சம் முகப்பவுடர், இவற்றோடு பொறுமையும் இருந்தால் போதும்.

எண்ணெய்க்கு என்ன வேலை?

எடுத்துக்காட்டாக ஒரு பழைய அம்பாசிடரை வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டு, 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தர்பாரா ஆலையில் செய்யப்பட்ட வண்டி அது. முன்னால் என்ஜின். அதன் பின்னால், கவிழ்த்த மணிபோன்ற ஒரு கூட்டுக்குள் கிளட்ச். இந்தக் கூட்டை 'பெல் ஹவுசிங்' என்பார்கள். அதை ஒட்டிக் கியர்பெட்டி. அங்கிருந்து நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் பின்அச்சிலுள்ள டிஃபரன்ஷியலுக்குச் செல்கிறது. அக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுவே.

கியர்பெட்டிக்குள் எஃகுப் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு சுழல்கின்றன. பல்லும் பல்லும் தொடும் இடம் ஒரு கோடுபோல மிகக் குறுகியது. ஆகவே அங்கே அழுத்தம் மிக அதிகம். சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் பிதுங்கி விலகிவிடும். அதனால் கியர் எண்ணெய்கள் பலவற்றில் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்களைக் கலக்கிறார்கள். உராய்வால் சூடேறும் இடத்தில் இவை எஃகோடு வினைபுரிந்து, மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. கியர் எண்ணெயைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நாற்றம் இந்தக் கந்தகச் சேர்மங்களுடையதே. அந்த நாற்றம் பின்னால் நமக்குப் பயன்படப் போகிறது.

தானியங்கிக் கியர்பெட்டியில் எண்ணெய்க்கு இன்னும் அதிகப் பொறுப்பு. அங்கே என்ஜினின் விசையைக் கடத்துவதே எண்ணெய்தான். பம்பின் அழுத்தத்தால் உள்ளேயுள்ள கிளட்ச்சுகளை இறுக்குவதும் அதுவே. மசகாக இருப்பதோடு சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் அதன் வேலை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ரா-மேட்டிக்' என்னும் தானியங்கிப் பெட்டியைப் பொருத்தியது. பெருமளவில் செய்து விற்கப்பட்ட முதல் தானியங்கிக் கியர்பெட்டி அதுவே. அதற்குரிய எண்ணெய், பற்சக்கரங்களுக்கு இடையே வழுக்கவும் வேண்டும். கிளட்ச்சுகள் பற்றும்போது இடறாமல் பற்றவும் விட வேண்டும். இந்த இரட்டைக் குணத்துக்காக, நம்பக் கடினமாக இருந்தாலும், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்து வந்தார்கள்! 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கல எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்தது. அதன் பின்னரே வேதியியலார் செயற்கைக் கூட்டுப்பொருள்களைத் தேடிப் பிடித்தார்கள்.

இந்தத் தானியங்கி எண்ணெய்க்குச் செந்நிறச் சாயம் ஏற்றுவது வழக்கம். மசகு வேலைக்கும் அந்தச் சாயத்துக்கும் தொடர்பே இல்லை. கசிந்தால் அடையாளம் தெரியட்டும் என்பதற்காகவே அது.

முதல் கேள்வி: ஒழுகுவது எது?

காரில் ஓடும் திரவங்கள் ஏழெட்டு. தரையில் கிடக்கும் கறையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தரையில் தூசியும் பழைய அழுக்கும் கலந்திருக்கும். வண்டிக்கு அடியில் தொங்கும் புதிய துளியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஏந்திக்கொள்ளுங்கள்.

சற்று நேரத்தில் காய்ந்து தடமின்றி மறைந்தால் அது தண்ணீர். குளிர்சாதனம் உள்ள காரில் இது இயல்பே. காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து நீராகிச் சொட்டுகிறது. கறுப்பாகப் படிந்து சுற்றிலும் பழுப்பு வளையம் விட்டால் என்ஜின் எண்ணெய். அந்தக் கறுப்பு, எரிபொருள் எரிந்ததில் உண்டான புகைக்கரி. கெட்டியாக, தேன் நிறத்தில், கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் எண்ணெய். செந்நிறமாக, கியர் எண்ணெயைவிட மெல்லியதாக இருந்தால் தானியங்கி எண்ணெய். ஆனால் ஓர் எச்சரிக்கை: பவர் ஸ்டியரிங்கிலும் பல கார்களில் இதே செந்நிற எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள். எனவே சிவப்பைக் கண்டவுடன் கியர்பெட்டியைக் குற்றம் சாட்டிவிடக் கூடாது. மேலும், பழைய தானியங்கி எண்ணெய் பழுப்பாக மாறியிருக்கும். தீய்ந்த நாற்றமும் சேர்ந்தால் உள்ளே கிளட்ச்சுகள் கருகிவருகின்றன என்று பொருள்.

பச்சையாகவோ ஆரஞ்சாகவோ, வழவழப்பாக இருந்தால் அது ரேடியேட்டர் திரவம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய நஞ்சு. நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது. குழந்தைகளும் நாய்களும் அந்தப் பக்கம் போகாமல் உடனே கழுவிவிட வேண்டும்.

மிக முக்கியமானது பிரேக் திரவம். வழக்கமாகப் பயன்படும் பிரேக் திரவம் வெளிர்மஞ்சளாக, தெளிவாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கிண்ணம் தண்ணீரில் துளியை விடுங்கள். எண்ணெய் எதுவானாலும் மேலே மிதக்கும். பிரேக் திரவமோ தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். பழைய கார்கள் சிலவற்றில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, கியர்பெட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே 'கியர்பெட்டிக் கசிவு' என்று அலட்சியமாக விட்டது பிரேக் கசிவாக இருக்க முடியும். துளி தண்ணீரில் கலந்து, அது ரேடியேட்டர் திரவமும் அன்று என்று தெரிந்தால், காரை அந்த இடத்தைவிட்டு நகர்த்தாதீர்கள். மெக்கானிக்கை வண்டியிடம் அழைத்து வாருங்கள்.

இரண்டாம் கேள்வி: எங்கிருந்து?

ஈரமாக இருக்கும் இடம்தான் கசியும் இடம் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அது தவறு.

இதற்கு இயற்பியல் காரணங்கள் உள்ளன. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதில் பாதிக்கும் குறைவு. ஆகவே தண்ணீரைப்போல் முத்தாகத் திரண்டு உடனே உதிராமல், அது உலோகத்தின் மேல் பரவி ஒட்டிக்கொண்டு ஊர்கிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. ஓடும் காரின் அடியில் வீசும் காற்று அதைப் பின்னே தள்ளுகிறது. கடைசியில் எங்காவது ஒரு திருகாணியின் முனையையோ கூட்டின் அடிவிளிம்பையோ அடைந்து அங்கிருந்து சொட்டுகிறது. எனவே கசிவின் பிறப்பிடத்தைத் துளி விழும் இடத்துக்கு மேலேயும் முன்னேயும் தேட வேண்டும். எண்ணெய் படிந்த பகுதிகளில் எது மிக உயரமோ, எது மிக முன்னாலோ, அதுவே சந்தேகத்துக்குரிய முதல் இடம்.

பல ஆண்டு அழுக்கு அப்பியிருக்கும் வண்டியில் இதை எப்படிக் காண்பது? முதலில் சுத்தம் செய்ய வேண்டும். என்ஜின் ஆறியபின் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு என்ஜினின் பின்பக்கத்தையும் கியர்பெட்டியையும் கழுவித் துடைத்து நன்றாக உலர விடுங்கள். பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள், ஒரு பொறி போதும். உலர்ந்த பின் முகப்பவுடரை லேசாகத் தூவிவிடுங்கள். பிறகு சில கிலோமீட்டர் ஓட்டிவந்து நிறுத்தி, கைவிளக்கோடு பாருங்கள். வெண்மைக்கு நடுவே ஈரக் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நாம் தேடும் இடம். பெரிய பட்டறைகளில் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கால் பார்ப்பார்கள். தத்துவம் ஒன்றேதான்.

இரவில் வண்டியின் அடியில் செய்தித்தாளை விரித்து, சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். காலையில் தாள் ஒரு வரைபடமாக மாறியிருக்கும்.

பழைய கார்களில் கியர்பெட்டி கசியும் இடங்கள் எண்ணக்கூடியவையே. எண்ணெய் ஊற்றும், வடிக்கும் மரைமூடிகள். பக்க மூடிகளின் பேக்கிங். கியர்த்தண்டு நுழையும் துளை. வேகமானியின் கேபிள் பொருந்தும் இடம். முன்பக்க ஷாஃப்டின் சீல். பின்பக்க ஷாஃப்டின் சீல். தானியங்கி என்றால் அடித்தட்டின் பேக்கிங், டார்க் கன்வர்டர் சீல், ரேடியேட்டருக்குச் சென்று வரும் எண்ணெய்க் குழாய்கள் ஆகியவையும் சேரும்.

சில கசிவுகள் தம் முகவரியைத் தாமே எழுதி வைக்கின்றன. பின்பக்கச் சீல் போனால், சுழலும் ஷாஃப்ட் எண்ணெயை வீசியடிக்கும். அதற்கு நேர் மேலே தரைத் தகட்டின் அடியில் குறுக்காக ஓர் எண்ணெய்ப் பட்டை படிந்திருக்கும். வேகமானிக் கேபிளின் உறைவழியே எண்ணெய் ஊர்ந்து ஏறி, சில வண்டிகளில் வேகமானி வரையிலும் வந்துவிடுவதுண்டு.

மயக்கம் தருவது பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும் கசிவு. என்ஜினின் பின்சீலும் கியர்பெட்டியின் முன்சீலும் அந்தக் கூட்டுக்குள்தான் முடிகின்றன. இரண்டில் எது கசிந்தாலும் துளி ஒரே இடத்தில்தான் விழும். நம் எடுத்துக்காட்டு அம்பாசிடரின் கறையும் அங்கேதான் இருந்தது என்று கொள்வோம்.

மூன்றாம் கேள்வி: எப்போது?

நிற்கும்போது சொட்டுகிறதா, ஓடி வந்தவுடன் சொட்டுகிறதா என்பது நல்ல தடயம். சூடேறினால் எண்ணெயின் பாகுத்தன்மை வெகுவாகக் குறையும். 90 எண் கியர் எண்ணெய், 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழப் பத்து மடங்கு எளிதாக ஓடும். குளிர்ந்த நிலையில் தாண்டாத சிறு இடுக்கைச் சூட்டில் தாண்டிவிடும். ஆகவே நெடும்பயணத்துக்குப் பின் மட்டும் சொட்டினால் சீலின் தேய்மானம் இன்னும் தொடக்க நிலையில் இருக்கலாம்.

பல நாள் நின்றபின் மட்டும் ஒரு தானியங்கிக் கார் கசிகிறதா? என்ஜின் ஓடும்போது எண்ணெயில் ஒரு பகுதி டார்க் கன்வர்டரில் இருக்கும். நின்றபின் அது மெல்ல அடித்தட்டுக்கு வடிந்துவிடும். அங்கே மட்டம் உயர்ந்து, வழக்கமாக எண்ணெய்க்கு மேலே இருக்கும் சீல்கள் மூழ்கிக் கசியும். பழைய தானியங்கிகளில் எண்ணெய் அளவைப் பெரும்பாலும் என்ஜின் ஓடும்போதே, சூடான நிலையில் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். நிறுத்திவைத்துப் பார்த்தால் அதிகமாகத் தெரியும். எண்ணெய் சூட்டில் விரிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.0007 பங்கு என்று வைத்தால், 9 லிட்டர் எண்ணெய் 60 டிகிரி சூடேறும்போது 9 × 0.0007 × 60, அதாவது ஏறத்தாழ 0.38 லிட்டர் விரிகிறது. இதை அறியாமல் ஆறிய வண்டியில் மேல்கோடுவரை ஊற்றினால், ஓடும்போது எண்ணெய் நுரைத்து மூச்சுக் குழாய் வழியே பொங்கி வெளியேறும். கசிவே இல்லாத வண்டியில் நாமே ஒரு கசிவை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

சீல் ஏன் கெடுகிறது?

ஷாஃப்டைச் சுற்றி அணைத்திருக்கும் ஆயில் சீல், மெல்லிய உதடுடைய ஒரு ரப்பர் வளையம். உதட்டுக்குப் பின்னே ஒரு சிறு சுருள்கம்பி வளையம் அதை ஷாஃப்டோடு அழுத்திப் பிடிக்கிறது. எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. ஆண்டுக்கணக்கான சூட்டில் அந்த ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து கெட்டியாகிறது. தேயும் உதடு, காலப்போக்கில் எஃகு ஷாஃப்டிலும் ஒரு பள்ளக்கோட்டை அரித்துவிடுவதுண்டு. அந்நிலையில் புதுச் சீலை அதே இடத்தில் பொருத்தினாலும் கசிவு நிற்காது. ஷாஃப்ட் ஆடினாலும் அப்படியே. தேய்ந்த புஷ்ஷை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரையின் கீழ் பாத்திரம் வைப்பது போன்றதே.

ஆனால் சீலைக் குறைகூறுமுன் ஒரு சிறு துளையைப் பார்த்துவிட வேண்டும். கியர்பெட்டியின் மேலே மூச்சுத்துளை ஒன்று இருப்பது வழக்கம். பெட்டிக்குள் உள்ள காற்று சூடேறி விரியும்போது வெளியேறும் வழி அது. சேறு அப்பி அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறுவதாகக் கொள்வோம். தனி வெப்பநிலை அளவில் இது 303-லிருந்து 363-க்கு உயர்வதாகும். அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். எண்ணெய் சிதறாமல் தடுக்கவே அமைந்த மெல்லிய உதடு இந்த அழுத்தத்தைத் தாங்காது. நல்ல சீலும் கசியும். ஒரு கம்பியால் அழுக்கை நீக்கினால் தீர்ந்துபோகும் நோய்க்குக் கியர்பெட்டியையே இறக்கியவர்கள் உண்டு.

நான்காம் கேள்வி: எவ்வளவு?

கறையின் அகலம் நம்மை ஏமாற்றும். ஒரே துளி சிமெண்டில் ஊறி அகலமாகப் பரவும். துளிகளை எண்ணுவதே சரியான வழி. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 30 துளிகள் என்று கொள்ளலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் நாளொன்றுக்கு 144 துளிகள். ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் குறைய 200 நாள் ஆகும். மாதம் ஒருமுறை மட்டத்தைப் பார்த்து ஊற்றி வந்தால் அவசரப்படத் தேவையில்லை. நிமிடத்துக்கு ஒரு துளி என்றாலோ நாளொன்றுக்கு 1,440 துளிகள், 48 மில்லிலிட்டர். மூன்றே வாரத்தில் ஒரு லிட்டர்! சிறு கார்களின் கியர்பெட்டியில் இருப்பதே பெரும்பாலும் இரண்டு லிட்டரை ஒட்டித்தான். ஓடும்போது கசிவு இதைவிட அதிகமாக இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது.

ஊற்றும்போது காரின் கையேட்டில் சொல்லியுள்ள வகையையே ஊற்றுங்கள். கந்தகச் சேர்மம் மிகுந்த சில எண்ணெய்கள் டிஃபரன்ஷியலுக்கு ஏற்றவை. ஆனால் கியர்பெட்டியிலுள்ள பித்தளை வளையங்களை அவை அரித்துவிடக் கூடும்.

சொட்டாத கசிவு

எண்ணெய் குறைகிறது, தரையிலோ ஒரு துளிகூட இல்லை. இதுவும் நடக்கும். பழைய தானியங்கிப் பெட்டிகள் பலவற்றில், என்ஜினின் உறிஞ்சுகுழாயோடு ஒரு ரப்பர்க் குழாயால் இணைந்த சிறு கருவி ஒன்று உண்டு. அதனுள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால், என்ஜின் கியர் எண்ணெயை உறிஞ்சிக் குடித்து எரித்துவிடும். புகைபோக்கியில் வெண்புகை வரும். அந்த ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். இன்னொரு வழி, ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைவது. அப்போது எண்ணெயும் நீரும் கலந்து இளஞ்சிவப்புப் பால்போல் ஆகும். அதைக் கண்டால் வண்டியை ஓட்டாதீர்கள். நீர் புகுந்த தானியங்கிப் பெட்டி விரைவில் பாழாகும்.

உயிருக்கு ஒரு காப்பு

இத்தனை சோதனைகளுக்கும் வண்டிக்கு அடியில் போக வேண்டியிருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கே, தாங்குவதற்கு அன்று. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை இறக்கிய பின்னரே உள்ளே செல்லுங்கள். சூடான எண்ணெயும் புகைக்குழாயும் தோலைச் சுட்டுவிடும், ஆற விடுங்கள். மாணவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

இனி நம் அம்பாசிடருக்கு வருவோம். பெல் ஹவுசிங்கின் அடியில் தொங்கிய துளியைக் காகிதத்தில் ஏந்தினோம். கந்தக நாற்றம் இல்லை. கறுத்த நடுப்பகுதி, பழுப்பு வளையம். ஆக, கியர் எண்ணெய் அன்று, என்ஜின் எண்ணெய். அப்படியானால் என்ஜினின் பின்சீலா? கழுவி, பவுடர் தூவி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்த்தோம். ஈரக் கோடு கூட்டுக்குள்ளிருந்து வரவில்லை. என்ஜினின் பின்முதுகு வழியாக மேலேயிருந்து இறங்கி வந்தது. அதன் மேல்முனை எங்கே? என்ஜினின் உச்சியில், டாப்பட் கவரின் விளிம்பில். காய்ந்து வெடித்த ஒரு தக்கைப் பேக்கிங்! அதை மாற்ற அரைமணி நேரம் போதும். கியர்பெட்டியின் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

எதிர்வீட்டுக்காரர் சொன்னபடி கியர்பெட்டியை இறக்கியிருந்தால், புதுச் சீலும் போட்டு, கூலியும் கொடுத்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்போம். மறுநாள் காலையிலும் கறை அதே இடத்தில் இருந்திருக்கும்.